நிறுத்த முடியாத கரண்டு

அந்தக் கட்டடத்தை நாங்கள் மேகசின் என்றுதான் நினைத்தோம். எங்கள் பக்கத்தில் செய்து முடித்த வெடிகளைப் பூட்டி வைக்கிற கிடங்குக்கு மேகசின் என்று பெயர். அதற்கு சன்னல் இருக்காது. ஊரை விட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கும். சுற்றிலும் வெட்டவெளி, அதைச் சுற்றிக் கம்பிவேலி, கூரைமேல் இடிதாங்கி, வாசலில் காவல்காரர். ஏழாயிரம்பண்ணை ரோட்டில் பஸ்ஸில் போனாலே கண்ணில் படும். இதுவும் அப்படித்தான் இருந்தது. ரொம்பப் பெரிசு, அது ஒன்றுதான் வித்தியாசம். யாரோ பெரிய கையாக வந்து இறங்கியிருக்கிறான், தீபாவளிக்கு இந்தத் தேசத்துக்கே இங்கிருந்துதான் வெடி போகப் போகிறது என்று பேசிக்கொண்டோம்.

அதில் எங்கள் தப்பு எதுவும் இல்லை. கண்ணுக்கு எது பழக்கமோ அதைத்தானே மனுசர் பார்ப்பார்கள். நாங்கள் வேறு மாதிரி நினைக்கிறோம் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தார்களே, கோபமெல்லாம் அவர்கள் மேல்தான்.

நான் பட்டாசு வேலையிலேயே இருந்தவள். தாவணி போட்ட வயதில் கம்பெனி வேனில் ஏறினேன், கண் மங்கின பிறகுதான் இறங்கினேன். நான் எழுத்துப் படித்ததே வெடிக்கட்டில் ஒட்டுகிற லேபிளைப் பார்த்துத்தான். இதையும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கென்ன அவசரம்.

பட்டாசு வேலையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. நாங்கள் வெடிமருந்து தொடுகிற அறையில் கரண்டே கிடையாது. லைட்டு இல்லை, காத்தாடி இல்லை, ஒரு சுவிட்சுகூட இல்லை. சூரியன் இருக்கிறவரை வேலை, வெளிச்சம் இறங்கினால் வேன். நைலான் சேலை கட்டி வரக் கூடாது, நூல் சேலைதான். அறை வாசலில் ஒரு தாமிரத் தகடு பதித்திருப்பார்கள். அதை வெறுங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். நம் உடம்பில், துணியில் ஒட்டியிருக்கிற கரண்டு அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பார்கள். கோயில் வாசல்படியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி அது எங்களுக்குப் பழகிப்போனது. வேலையை விட்ட பிறகும் என் கை சும்மா இருக்காது. ரேசன் கடை, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் வாசலில் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். மொத்தத்தில், ஊருக்கெல்லாம் வெளிச்சம் செய்து அனுப்புகிற எங்களுக்கு, கம்பெனி என்றால் கரண்டு இல்லாத இடம். கரண்டு என்பது வீட்டில் இருக்கிற சாமான். பின்னால் வரப்போகிற கதைக்கு இது வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்லுகிறேன்.

கண் மங்கி வேலையை விட்டபோது என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரே மகன் கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் இருக்கிறான். வந்துவிடு என்றான். மருமகளும் நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருத்தர் வீட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் சோறு போடுகிற நேரத்துக்குக் காத்துக் கிடப்பது என் உடம்புக்கு ஆகாது. முன்னறையில் பெரிய கிரைண்டர் இரண்டு வாங்கிப் போட்டேன். மாவு அரைத்துக் கொடுக்கிற கடை. பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை.

காலையில் வேனுக்குப் போகிற பெண்கள் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் பாத்திரத்தோடு என் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வரிசையில் யார் பாத்திரம் எது என்று எனக்குத் தெரியும். ஒன்றில் நெளிசல், ஒன்றில் பேர் வெட்டியிருக்கும், ஒன்றுக்கு மூடியாக எவர்சில்வர் தட்டு. சாயங்காலம் வேனை விட்டு இறங்கி அப்படியே மாவாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். ராத்திரி தோசை, காலையில் இட்லி, மத்தியானம் கம்பெனியில் தூக்குவாளியைத் திறந்தால் அந்த இட்லிதான். நாளெல்லாம் திரி முடைந்து, பேப்பர் சுருட்டிக் கை ஓய்ந்து வருகிறவளால் அதற்குப் பிறகு மாவாட்ட முடியுமா? முடியாது. அவர்களுக்கு நான் வேண்டும். எனக்கு அவர்கள் வேண்டும். என் வீட்டில் என் சோற்றை நான் தின்பதற்கு வழி அந்த இரண்டு கல்லும் சுற்றுவதுதான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

அந்தக் கம்பெனி வருவதற்கு முன்னால் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி சார்பில் ஓர் அதிகாரி வந்திருந்தார். கட்டப்போகிற கட்டடத்தின் படத்தைச் சுவரில் தொங்கவிட்டார், அதிலும் சன்னலே இல்லை. கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே பேசினார். இங்கே வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, நிலம் சும்மா கிடக்கிறது, உங்கள் ஊர் கொடுத்து வைத்த ஊர் என்றார். கம்ப்யூட்டர் என்றும் சொன்னார். இந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியில்தான் கம்ப்யூட்டர் இல்லை? சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் பாதி வேலை கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. கணக்குப் பார்க்க வைத்திருப்பான் என்று இருந்துவிட்டோம்.

எல்லோரும் என்னைத்தான் கேட்கச் சொன்னார்கள். எழுந்து நின்று கேட்டேன்.

"ஐயா, வேலை நடக்கிற இடத்துக்கும் ஊருக்கும் எம்புட்டுத் தூரம் விடுதீக?"

அவர் சுவரில் தொங்கவிட்ட படத்தைக் காட்டினார். "ரொம்ப தூரம்மா. நீங்க பயப்படவே வேண்டாம்."

"இடிதாங்கி உண்டா?"

"நிறைய உண்டு."

"தீ கீ பத்துச்சுன்னா?"

"அதுக்கு எல்லா ஏற்பாடும் பக்காவா இருக்கும்மா."

"பொம்பளையாளுக்கு வேலை?"

"உள்ளூர் மக்களுக்குத்தான் முன்னுரிமை."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அடுத்த வீட்டுக்காரி, எனக்கு உறவுமுறையும்கூட. அன்றைக்கும் இன்றைக்கும் பட்டாசு வேலைக்குப் போகிறவள். "எல்லாத்தையும் கேட்டீக, வேன் எத்தன மணிக்கு வரும்னு கேக்காம விட்டுட்டீகளே மதினி" என்றாள். சபையே சிரித்தது. அந்த அதிகாரியும் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் என்னவோ சொல்ல, அவரும் சிரித்தார். எங்களோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்றே நினைத்தேன். இந்த ஊர் சனம் இதை வெடிக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. என் கேள்வியைக் கேட்டும் தெரியாமல் இருக்குமா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "இல்லம்மா, இது வேற" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் வேலை சுளுவாக முடிகிறதே.

அவ்வளவு விவரமாகக் கேட்ட எங்களுக்கு ஒரு கேள்வி மட்டும் தோன்றவில்லை. உன் கம்பெனி எவ்வளவு கரண்டு தின்னும் என்று யாரும் கேட்கவில்லை. எப்படித் தோன்றும்? நாங்கள் பார்த்த கம்பெனி கரண்டைக் கண்டாலே பயந்து ஓடுகிற கம்பெனி. ஆனையைப் பார்த்து நீ மீன் தின்பாயா என்று யாராவது கேட்பார்களா?

ஊரார் காட்டு வழியாகப் பெரிய டவர் வைத்துக் கம்பி இழுத்தார்கள். வெள்ளாமைக் காட்டில் நாலு காலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றும் நின்றது. கம்பெனி வந்தால் ஊருக்கும் நல்லதுதானே என்று சனம் சரி சொல்லிவிட்டது.

கட்டடம் முடிந்து வேலை தொடங்கிவிட்டது என்று தெரிந்த மறுநாள், வேன் வரும் வேன் வரும் என்று பார்த்துவிட்டு, எங்கள் தெருப் பெண்கள் நடந்தே கிளம்பினார்கள். எல்லோரும் நூல் சேலை. கையில் தூக்குவாளி. கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவளும் உண்டு. நானும் கூடப் போனேன். கேட்டுப் பேசியவள் நான்தானே. வாசல் காவல்காரர் சாத்தூர்ப் பக்கத்து ஆள். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எல்லாரும் சேந்து எங்கன கெளம்பிட்டீக?"

"வேலைக்குத்தான். போர்மேனக் கூப்பிடுங்க" என்றாள் மதினி. சொல்லிக்கொண்டே வாசல் கேட் தூணை மேலும் கீழும் பார்த்தாள். "தாமிரத் தகடு எங்கன வச்சிருக்கீக? காணலையே."

"என்ன தகடு?"

"தொட்டுட்டு உள்ள போறதுக்கு. அதுகூட இல்லாமலா கம்பெனி நடத்துதீக? நல்லாருக்கே."

அந்த மனுசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யக்கா, இது வெடிக் கம்பெனி இல்ல. டேட்டா சென்டராம். உள்ள ஆளே கெடையாது. பீரோ பீரோவா கம்ப்யூட்டருதான் நிக்கி. கூட்டுததுக்குக்கூட மதுரையில இருந்து ஆள் வாரான்."

"அப்ப என்னதான் செய்யுதாக உள்ள?"

"ஒண்ணும் செய்யல. நம்ம செல்லுல அனுப்புதோம்லா போட்டோ, வீடியோ, அதெல்லாம் இங்கன வந்து கெடக்குமாம்."

"போட்டோ கெடக்கதுக்கு இம்புட்டுப் பெரிய வீடா?"

"வீடு மட்டுமா? ஏசி. ராவும் பகலும் குளுகுளுன்னு இருக்கணும். இல்லேன்னா அதுகளுக்குச் சூடு ஏறிருமாம்."

மதினி தூக்குவாளியை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "ஏங்க, உச்சி வெயில்ல தகரக் கொட்டகைக்குள்ள இருந்து வேலை பாக்கமே, எங்களுக்கு ஏறாத சூடா?" என்றாள். வந்த வழியே நடந்தோம். கொண்டுபோன இட்லியை வழியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். வீணாக்க முடியுமா?

வேலைதான் இல்லை, போகட்டும் என்று விட்டிருப்போம். அடுத்த கோடையில் இருந்து கரண்டு குறைய ஆரம்பித்தது. எங்கள் ஊரில் கரண்டு போகாது என்று நான் சொல்லவில்லை. முன்னாலும் போகும், வரும். ஆனால் வந்தால் வந்ததாக இருக்கும். இது வேறு விதம். இருக்கும், ஆனால் இருக்காது. காத்தாடி சுற்றும், காற்று வராது. டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கிடக்கும், எரியாது. கிரைண்டர் சுவிட்சைப் போட்டால் கல் நகராமல் முனகும். கொஞ்ச நேரம் விட்டால் மோட்டாருக்குள் காயில் கருகி வாடை வந்துவிடும். இரண்டு தடவை கருகிச் சாத்தூருக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி வந்தேன்.

உளுந்துக்குக் கல் வேகமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் பொங்கும். முக்கி முக்கிச் சுற்றினால் மாவு சூடாகிக் களி மாதிரி ஆகிவிடும், இட்லி கல்லாகத்தான் வரும். சில நாள் மத்தியானம் முழுக்கக் கரண்டே வராது. ஊறின உளுந்து நுரைத்துப்போய்ப் பாத்திரத்தில் கிடக்கும். சாயங்காலம் வேனில் வந்து இறங்குகிறவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைதான் என்னால் பொறுக்க முடியாதது. வாசலில் பாத்திரங்கள் குறைந்துகொண்டே வந்தன. பஸ் ஸ்டாப்புக் கடையில் பாக்கெட் மாவு தொங்க ஆரம்பித்தது. மகன் போனில், "அம்மா, கடைய மூடிட்டு வந்துரும்மா. இன்னும் எதுக்கு அங்க கெடந்து சீரழியுத?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

என் வாசலில் நின்று பார்த்தால் அந்தக் கட்டடம் தெரியும். அதற்குப் போகிற கம்பி எங்கள் தலைக்கு மேலேதான் போகிறது. மழைக் காலத்தில் அதன் அடியில் நின்றால் உஸ்ஸென்று சத்தம் கேட்கும். அவ்வளவு கரண்டு தலைக்கு மேலே ஓடுகிறது, கீழே என் கல் முனகிக்கொண்டு கிடக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் செடி கருகுகிற மாதிரி.

ஈ.பி. ஆபீசுக்குப் போனேன். வாசல் கம்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். அங்கே அதிகாரியாக இருந்தது ஒரு சின்னப் பெண். மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அதை மறைக்க மாட்டேன்.

"கம்பெனிக்காரருக்கு மட்டும் கரண்டு எப்பிடித்தாயி நிக்காம போகுது?" என்றேன்.

"அவங்களுக்குத் தனி லைன்ம்மா. ஒரு நிமிஷம் நின்னாலும் நாங்க பதில் சொல்லியாகணும். அது நிறுத்த முடியாத கரண்ட்."

"அப்ப எங்களது?"

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "எல்லாருக்கும் முழுசாக் குடுக்க சப்ஸ்டேஷன் தாங்கலம்மா. பத்தாதபோது எதையாவது ஒண்ணக் குறைச்சுத்தான் ஆகணும். உங்க ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர் கேட்டு எழுதியிருக்கோம்."

"அவுகளுக்கும் எழுதித்தான் வந்துச்சா?"

பாவம், அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அது மண்டைக்குள் ஏறியது. அவர்களது நிறுத்த முடியாத கரண்டு. எங்களது நிறுத்தக்கூடிய கரண்டு. குடிதண்ணீர் மேலேறுகிற மோட்டாரை நிறுத்தலாம். பள்ளிக்கூடத்துக் காத்தாடியை நிறுத்தலாம். பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கிறவள் தலைமாட்டு லைட்டை நிறுத்தலாம். நாளெல்லாம் கந்தகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு நாலு தோசைக்கான மாவை நிறுத்தலாம். யாரோ எவரோ எடுத்துவிட்டு மறந்துபோன போட்டோவுக்கு மட்டும் சூடு ஏறிவிடக் கூடாது. எங்கள் உடம்பெல்லாம் மனுச உடம்பு இல்லையா? எங்கள் காட்டில் டவர் ஊன்றும்போது நாங்கள் நிறுத்தக்கூடியவர்கள் என்று யாராவது சொன்னார்களா?

என் பேத்தி போட்டோவும் எனக்குச் செல்லில் வரும். முன்பல் விழுந்து சிரிக்கிற போட்டோவை நானும் தினம் பார்க்கிறேன். அதுவும் அந்த மாதிரி ஒரு கட்டடத்தில்தான் கிடக்கிறது என்று மகன் சொன்னான். கிடக்கட்டும். நான் வேண்டாம் என்றா சொன்னேன்? பேத்தி படத்தைக் குளுகுளு என்று வைத்துவிட்டு அவள் ஆச்சி பிழைப்பைக் கருகவிடுவது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கு எங்கள் பக்கத்துச் சனம் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகும். நடந்தும் போவார்கள், வண்டி பிடித்தும் போவார்கள். போகிறபோது எண்ணெயும் பொடியும் தடவின இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோவது வழக்கம். முந்தின நாள் வியாழக்கிழமை காலையில், என்னை விட்டு பாக்கெட் மாவுக்குப் போனவர்கள்கூடப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆத்தாளுக்குக் கொண்டுபோகிற இட்லிக்குப் பாக்கெட் மாவு வாங்க யாருக்கும் மனம் ஒப்பவில்லை. வாசல் நிறைந்து, படியெல்லாம் நிறைந்தது. எனக்குப் பழைய தெம்பு வந்தது. முதல் பாத்திரத்தைக் கவிழ்த்தேன், கல் இரண்டு சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான், கரண்டு போய்விட்டது.

லைன்மேனுக்குப் போன் போட்டேன். "மேல இருந்தே நிறுத்திட்டாக ஆச்சி. எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது" என்றான். மத்தியானம் ஆனது. மதியம் தாண்டி வெயில் சாய்ந்தது. உளுந்தில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினேன். வேன்கள் வந்து நின்றன. பெண்கள் இறங்கினார்கள். பாத்திரங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"போச்சு. சாமிக்குப் போறவ பாக்கெட் மாவுதான் வாங்கணும் போல" என்றாள் ஒருத்தி.

"அந்தா, அங்கன பாருங்க" என்றாள் மதினி. கட்டடத்துக் கேட்டில் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. இன்னும் சூரியன் இறங்கவில்லை. பட்டப்பகலில் எரிகிறது. "வெயிலுக்கே வெளிச்சம் போடுதான் பாருங்க. அம்புட்டுக் கொழுப்பு."

என் வாயில் இருந்து எப்படி வந்தது என்று தெரியாது. "கரண்டு நம்மகிட்ட வரலைன்னா நாம கரண்டுகிட்ட போவோம். கல்லத் தூக்குங்கடி" என்றேன்.

மதினியின் மருமகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவரைக் கூப்பிட்டோம். "ஏங்க அத்தை, என்னயும் சேத்து உள்ள தூக்கிப் போட்டுருவான்" என்று முனகினார். மதினி, "போட்டா ஏசியிலதான போடுவான், போய்ப் படுத்துக்கிடுங்க மாப்பிள்ள" என்றாள். கிரைண்டரை ஏற்றினோம். பாத்திரங்களைப் பெண்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் நடந்தார்கள். முளைப்பாரி கொண்டுபோகிற மாதிரி இருந்தது பார்க்க.

காவல்காரர் பதறிப்போனார். "ஆச்சி, என்னது இது? என் வேலைக்கு உல வச்சிராதீக."

"உங்க ரூமுக்குள்ள பிளக் பாயிண்டு இருக்கா இல்லையா?"

"இருக்கு. வெந்நி போடுத பிளக்கு."

"அது போதும்."

அவர் உள்ளே போன் போட்டார். ஓர் அதிகாரி வந்தார். கூட்டத்தில் பேசினவர் இல்லை, வேறு ஆள். என் மகனைவிட இளசு. நாங்கள் நிற்கிறதையும், ஆட்டோவில் கிரைண்டர் நிற்கிறதையும், தரையில் பாத்திரம் பாத்திரமாக உளுந்து இருக்கிறதையும் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"அம்மா, இது பாதுகாப்பான ஏரியா. வெளியாட்கள் உள்ள வரக் கூடாது."

"நாங்க எங்க உள்ள வாரோம்? வயர் மட்டுந்தான் வரும்" என்றேன்.

"அப்படியெல்லாம் கரண்ட் கொடுக்க முடியாதும்மா. ரூல்ஸ் இருக்கு."

"எங்க காட்டு மேல கம்பி போகும்போது நாங்க ரூல்ஸ் பேசலையே ஐயா."

மதினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உள்ள வெடி இருக்குன்னா சொல்லுங்க, நாங்களே தள்ளிப் போயிருதோம். வெடின்னா எங்களுக்கு மரியாதி உண்டு. போட்டோதான கெடக்கு?" அவளைப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அன்று பார்த்து யாரும் சத்தம் போடவில்லை. மூடியைத் திறந்து உளுந்தை ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்.

அவர் தள்ளிப் போய்ப் போனில் பேசினார், திரும்பி வந்தார், மறுபடியும் பேசினார். கடைசியில், "சரி, சீக்கிரம் முடிச்சுக்கோங்க" என்றார்.

வயரைக் கையில் எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். போகும்போது பழக்கத்தில் கை தானாகப் போய் அந்த இரும்புக் கேட்டைத் தொட்டது. எனக்குப் பின்னால் வந்தவளும் தொட்டாள், அவளுக்குப் பின்னால் வந்தவளும் தொட்டாள். எங்கள் உடம்பில் ஒட்டியிருந்த கொஞ்சக் கரண்டையும் அவனுக்கே இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் மாவரைக்கப் போனோம்.

சுவிட்சைப் போட்டேன். கல் முனகவில்லை. எடுத்த எடுப்பில் சுற்றியது. அந்த வேகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது. உளுந்து பந்து மாதிரி பொங்கி வந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு நல்ல கரண்டு இங்கேயேதான் இருந்திருக்கிறது. என் காயில் கருகினபோதும் இது இங்கே இருந்திருக்கிறது.

மறுநாள் இருக்கன்குடியில் ஆற்று மணலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். "டேட்டா இட்லி எப்பிடி இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "போட்டோ வாடை அடிக்கி" என்றாள் மதினி. சிரித்து எல்லோருக்கும் புரையேறியது.

அதற்கடுத்த வாரம் கம்பெனிக்காரர்கள் என் வீட்டுக்கே வந்தார்கள். ஒரு வண்டியில் ஜெனரேட்டர், அதன்மேல் அவர்கள் பெயர் எழுதியிருந்தது. கிராமத்துப் பெண்களுக்கு உதவி என்று அதை என் வாசலில் வைத்து, பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம். எண்ணெயும் அவர்களே ஊற்றுவார்களாம்.

"வேண்டாம். கொண்டு போங்க" என்றேன்.

"ஏம்மா? உங்க பிரச்சினை தீர்ந்துடுமே."

"என் வீட்டுல மீட்டர் இருக்கு. அதுல வாரத வரவிடுங்க."

அவர்கள் போன பிறகு மதினி வந்தாள். முகம் சிவந்திருந்தது. "உங்க வீராப்புல எங்க உளுந்துல்லா புளிக்கி? வலிய வந்தத எதுக்குத் திருப்பி அனுப்புனீக? வேலை பாத்துட்டு வாரவளுக்குத்தான் மாவோட அரும தெரியும். உங்களுக்கென்ன, மகன் வீடு இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவள் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நான் மெதுவாகத்தான் சொன்னேன். "என் வாசல்ல அவன் ஜெனரேட்டர் ஓடுச்சுன்னா, ஊருக்குக் கரண்டு குடுத்தாச்சுன்னு எழுதிருவான். டிரான்ஸ்பார்மர் கேட்டு இனிமே நாம போய் நிக்க முடியுமா? என் கல்லு மட்டும் சுத்துனாப் போதுமா? உன் வீட்டுக் காத்தாடி?" அவள் எழுந்து போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் மகனுக்கு நானே போன் போட்டேன். போட்டுவிட்டு, பேத்தியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்தேன்.

விடிந்தது. வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு யாரும் பாத்திரம் வைக்கவில்லை என்றால், கிரைண்டரை விற்கச் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். வேன் ஹாரன் கேட்டது. வாசலில் பாத்திரம் வைக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், எவர்சில்வர் தட்டு மூடின பாத்திரம். மதினியுடையது. அவள் என் பக்கம் திரும்பாமலேயே வேனைப் பார்த்து நடந்தாள்.

"கரண்டு இருந்தா அரைங்க" என்றாள். "இல்லேன்னா அப்பிடியே வையுங்க. சாயங்காலம் கம்பெனி கேட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம்."

இப்போதும் கரண்டு நிற்கிறது. டிரான்ஸ்பார்மர் வரவில்லை. ஒரு கிரைண்டரை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டேன், இருக்கிற கரண்டுக்கு ஒன்றுதான் தாங்குகிறது. பாத்திரங்கள் முன்னளவுக்கு இல்லை. ஆனால் வாசல் வெறுமையாகக் கிடந்த நாள் இதுவரை இல்லை. கல் முனகுகிற நாளில் மதினியின் மருமகன் ஆட்டோவோடு வந்து நிற்கிறார். எங்களைத் தூரத்தில் கண்டதும் காவல்காரர் வெந்நீர்க் கெட்டிலைப் பிளக்கில் இருந்து பிடுங்கி வைத்துவிட்டு, கேட்டை ஒரு பக்கம் திறந்து விடுகிறார். நாங்கள் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறோம்.